செத்தவள் விட்ட மூச்சு

துண்டில் சுற்றிய ஐஸ்கட்டிகளை மார்லா சப்பாத்திக் கட்டை போன்ற ஒரு மர உருளையால் அடித்துக்கொண்டிருந்தாள். பெரிய துண்டாகக் கொடுத்தால் அம்மாவின் தொண்டையில் சிக்கிவிடும் என்று நர்ஸ் லோயிஸ் சொல்லியிருந்தாள். மாவாக நொறுக்கினால் வாயில் வைத்ததும் கரைந்துவிடுகிறது என்று அம்மா குறை சொல்வாள். சாகக் கிடக்கும்போதும் வாண்டாவுக்கு ஐஸ் விஷயத்தில் ஒரு பதம் வேண்டியிருந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். சோபா இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில். மூலையில் ஆக்சிஜன் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்காகத் தொங்கவிட்ட தானியக் கூண்டை ஒரு அணில் காலி செய்துகொண்டிருந்தது. வழக்கமாக அதைப் பார்த்தால் வாண்டா கெட்ட வார்த்தையில் திட்டுவாள். இன்றைக்கு வெறுமனே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"வாயத் திறம்மா."

ஒரு துண்டை அம்மா வாங்கிக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள். கடிக்கவில்லை. கண்ணை மூடி அதன் குளிரை வாய்க்குள் பரவவிட்டாள்.

"இப்படித்தான் வச்சுக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் குழறலாக.

யார், எப்போது என்று மார்லா கேட்கவில்லை. அந்த ஊரில் யாருமே கேட்க மாட்டார்கள். வாண்டாவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் கிடந்த அந்த ஊர் ஏரிக்கு ஒரு சினிமாக் கூட்டம் வந்தது. முகமூடிக்காரன் ஒருவன் விடுதியில் தங்கிய இளசுகளை ஒவ்வொருவராகக் குத்திக் கொல்லும் படம். பெயர் 'விடுதி மூடப்பட்டது'. கதை நடப்பது ஜூலை மாதம். அவர்களுக்குப் பணம் புரண்டு படப்பிடிப்புத் தொடங்கியதோ நவம்பர் கடைசி. மரத்தில் இலை இல்லாததால் பச்சைக் காகிதத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பேசினால் வாயிலிருந்து ஆவி பறந்து குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், கேமரா ஓடுவதற்கு முன் எல்லோர் வாயிலும் ஐஸைத் திணித்தார்கள். வாய் குளிர்ந்திருந்தால் ஆவி தெரியாது.

வாண்டா மூன்றாவதாகச் சாகிறவள். படகுத்துறைப் பலகையில், மெல்லிய இரவு உடையில், கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடக்க வேண்டும். அவ்வளவுதான் வேடம். அதிலும் ஒரு பிசகு நடந்துவிட்டது. செத்துக் கிடந்தவள் வாயிலிருந்து, கறுத்த தண்ணீருக்கு எதிரே, சின்னதாக ஒரு வெள்ளை ஆவி எழுந்து கலைந்தது. அது அப்படியே படத்தில் இருந்துவிட்டது.

படம் ஓடவில்லை. பின்னால் வீடியோ கேசட் காலம் வந்ததும் ஊர் ஊராகப் பரவியது, அதுவும் அந்த ஒரு மூச்சுக்காகவே. வாண்டா முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினாள். குளிர்காலம் தொடங்கிய முதல் நாள் காலையில் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் அவள் முகத்துக்கு நேரே "ஹா" என்று ஊதிவிட்டுத்தான் உள்ளே போகும். தபால்காரர் ஊதுவார். ஒரு தடவை பாதிரியாரே ஊதினார். "எனக்குக் குடுத்தது ஒரே ஒரு வேலை. செத்துக் கிடக்கணும். அதையும் ஒழுங்கா செய்யல," என்று வாண்டாவே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பாள்.

மார்லாவுக்குத்தான் அவமானமாக இருக்கும். பன்னிரண்டு வயதில் தோழி வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தாள். ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி இருந்தது. தப்பி ஓட வேண்டிய பெண்கள் வாசலை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார்கள். அம்மாவின் மூச்சு வந்ததும் தோழிகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பையன் மறுபடி கூப்பிட்டானா?" என்று அம்மா கேட்டாள்.

"யாரு, ட்ரெவரா? மெசேஜ் போட்டிருக்கான்."

ட்ரெவர் கலிபோர்னியாவில் இருந்தான். பழைய பேய்ப்படம், கொலைப்படங்களின் பிலிமைத் தேடிப் பிடித்துத் துடைத்துப் புதுசாக்கி விற்கிற கம்பெனியில் வேலை. வாண்டாவின் படம் அவன் கைக்கு வந்திருந்தது. புதுப்பித்த பிரதியை முதலில் அவளுக்குத்தான் அனுப்பினான். அந்த மூச்சை இப்போது கம்ப்யூட்டரில் சுத்தமாக அழித்துவிடலாம், வேண்டுமா வேண்டாமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தான். வாண்டா இரண்டு வாரத்துக்கு முன்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டு தனியாக அதைப் பார்த்தாள். அன்றைக்கு முழுதும் யாரோடும் பேசவில்லை.

"எடுத்துடச் சொல்லு," என்றாள் இப்போது.

"இத்தனை வருஷம் நீயே சொல்லிச் சிரிச்சுட்டு, இப்ப என்னம்மா?"

"சிரிச்சது போதும். எடுத்துடச் சொல்லு. சொல்றேன்னு சொல்லு மார்லா."

"சரிம்மா, சொல்றேன்."

வாண்டா அவள் கையை ஒரு தடவை அழுத்தினாள். கன்னத்திலிருந்த ஐஸ் கரைந்து கடைவாயில் வழிந்தது. மார்லா துடைத்துவிட்டாள். கடைசிக் காலத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அம்மாவுக்கும் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று வியாழக்கிழமை. மதியத்துக்குள் ஜீன் மாமா வந்துவிட்டார். வாண்டாவுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன். நிலை தட்டாமல் உள்ளே வரக் குனிய வேண்டிய உயரம். அவர் வந்தபோது வாண்டாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. மார்லா கட்டிலின் ஒரு பக்கம், மாமா மறுபக்கம். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைப்பாள். அப்புறம் நெஞ்சு மெல்ல ஏறும். ஏறும்போதெல்லாம் அவளுக்கு நன்றியாக இருந்தது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

பிறகு ஒன்று வந்தது. அடுத்தது வரவில்லை.

மார்லா காத்திருந்தாள். ஆக்சிஜன் பெட்டி தன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. மாமா எழுந்தார். அத்தனை பெரிய உடம்பை முதுகிலிருந்து மடித்துக் குனிந்து, தங்கையின் காதருகே வாயைக் கொண்டுபோய், இரண்டு மூன்று சொல் ஏதோ சொன்னார். ஜெபம் என்று மார்லா நினைத்தாள். சொல்லிவிட்டு அவர் நிமிரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். வெகு நேரம் நின்றார். அதன் பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் வந்தது. இறுதிச் சடங்கு இல்லத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வரிசை வாசல்வரை நீண்டது. பாதிப் பேர் அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். இப்போது வழுக்கையும் தொப்பையுமாக, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பஸ் டிப்போ மெக்கானிக் மூச்சுத்திணறலோடு நடந்துவந்து பெட்டிக்கு மேலே குனிந்தார். பழக்க தோஷம், ஊதுவதற்கு வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயோடு ஒரு கணம் நின்றார். பிறகு மூடிக்கொண்டு, தொப்பியால் முகத்தை மறைத்தபடி போய் உட்கார்ந்தார். அதுவரை அழாதிருந்த மார்லா அங்கேதான் அழுதாள்.

ஒஹாயோவிலிருந்து இரண்டு பேர் கறுப்புச் சட்டையில் காரோட்டி வந்திருந்தார்கள். படத்தின் ரசிகர்களாம். ஒருவர் அறுபதைத் தொட்டவர், மற்றவர் அவருடைய மருமகன். பூங்கொத்தை வைத்துவிட்டு மரியாதையாகப் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள், காபி வந்ததும் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள்.

"போன வாரம் திரும்பப் பாத்தேன் மாமா. கோவிச்சுக்காதீங்க, இப்ப இந்தப் படம் நிக்காது. எல்லாம் பொம்மைக் கத்தி. கொலைகாரன் எங்க நிக்கிறான்னு சின்னப் புள்ளகூட சொல்லிடும்."

"பயம் நிக்காதுடா. பயம் எந்தப் படத்துலயும் பத்து வருஷத்துக்கு மேல நிக்காது."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் பாக்குறீங்க?"

பெரியவர் சவப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தார்.

மார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் வெளியே அனுப்பிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் ஜீன் மாமா போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வாண்டா சாகும் காட்சியில் மட்டும் முகமூடிக்குள் இருந்தது அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். கொலைகாரனாக நடித்த ஆள் உள்ளூர்க்காரன். மான் வேட்டைக் காலம் தொடங்கும் திங்கட்கிழமையில் படப்பிடிப்பு வைத்தால் எவன் வருவான்? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். கால் முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த ஒரே நெட்டையன் ஜீன்தான். அந்த ஆரஞ்சு நிற வேட்டைக் கம்பளி முகமூடியை அவர் தலையில் மாட்டி நிறுத்திவிட்டார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் ஒஹாயோக்காரர் மெதுவாக. "அந்த ஒரு காட்சியில மட்டும் அவன் நொண்டி நொண்டி நடக்குறான். மனசு கனத்துப் போய்த்தானே? நான் அதைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கேன்."

"கணுக்கால் எலும்பு," என்றார் மாமா. "ரெண்டு இடத்துல."

மருமகன் சிரிப்பை அடக்கக் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தான். பெரியவர் விடாமல், "அந்த மூச்சு?" என்று கேட்டார்.

மாமா எழுந்துவிட்டார். "காபி ஆறிடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். மார்லாவுக்கு அது புதிதில்லை. தங்கையைக் கொன்றவன் என்று எத்தனை பேர் கேலி செய்தாலும் வாங்கிக்கொள்வார். மூச்சு என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அறையில் இருக்க மாட்டார். மாமாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் மட்டு என்பது குடும்பத்தின் முடிவு.

அடக்கம் முடிந்தது. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பன்றித் தொடையும், முட்டைக்கோஸ் போட்டு வதக்கிய ஹலுஷ்கி நூடுல்ஸும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். மிச்சமான தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மார்லாவும் மாமாவும் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கட்டிலையும் ஆக்சிஜன் பெட்டியையும் காலையிலேயே எடுத்துப்போய்விட்டார்கள். கம்பளத்தில் நாலு காலின் பள்ளம் மட்டும் இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப்போய் மார்லா உட்கார்ந்தாள்.

ட்ரெவர் எழுதியிருந்தான். ஆழ்ந்த அனுதாபம். இந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இன்று மாலைக்குள் பதில் வேண்டும், நாளை பிரதி அச்சுக்குப் போகிறது. அதோடு இன்னொன்று: 'அழுக்கை எடுத்தபோது இன்னொரு ஆவியும் தெரியவந்தது. முகமூடியிலிருந்து வருகிறது, உங்கள் அம்மாவின் மூச்சுக்குச் சற்று முன்னால். பழைய பிரதிகளில் இது யார் கண்ணுக்கும் பட்டதில்லை. உங்கள் அம்மா பார்த்த பிரதியில் இருக்கிறது. எடுப்பதென்றால் இரண்டையும் எடுத்துவிடுவோம் என்று அவருக்கும் எழுதியிருந்தேன்.'

'எடுத்துவிடுங்கள்' என்று அடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. வாக்குக் கொடுத்தாயிற்று. இருந்தாலும் அழிவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்தக் காட்சியைத் திறந்தாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பச்சைக் காகித இலைகள் இப்போது காகிதமாகவே தெரிந்தன. ஒட்டிய பசைகூடத் தெரிந்தது. முகமூடிக்காரன் மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு வந்தான். ரப்பர் கத்தி வளைந்தது. அம்மா கத்திய கத்தல் அம்மாவின் குரலே இல்லை, வேறு யாரோ பின்னால் கொடுத்தது. அந்த ஒஹாயோப் பையன் சொன்னது சரிதான். இது நிற்காது.

பிறகு அம்மா விழுந்தாள். கேமரா அவள் முகத்துக்கு வந்து நின்றது.

அம்மா செத்திருந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் இதே அறையில் பார்த்த அதே முகம், சுருக்கங்களைக் கழித்துவிட்டால். திறந்த கண்ணில் ஏரியின் வெளிச்சம் விழுந்தது, இமை ஆடவில்லை. தொண்டை ஆடவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தக் குளிரில், அந்த உடையில், ஒரு நடுக்கம்கூட இல்லை. ஸ்கூல் பஸ்ஸில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை அதட்டிய பெண்பிள்ளைக்கு இப்படி ஒன்று கைவந்திருந்தது என்று யாருமே சொன்னதில்லை. எல்லோரும் அடுத்து வரப்போகிற மூச்சுக்குச் சிரிக்கத் தயாராகிவிடுவதால் இதை ஒருவரும் பார்த்ததில்லை. மார்லா பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

முகமூடிக்காரன் அவள் மேல் குனிந்தான். பெரிய முதுகு நடுவிலிருந்து மடிந்தது. அந்தக் குனிவை மார்லா பார்த்திருக்கிறாள். ஆரஞ்சுக் கம்பளியில் வாய் இருக்குமிடம் அசைந்தது. அங்கிருந்து மெலிதாக ஆவி வந்தது. ஏதோ சொல்கிறான். அவன் நிமிரவில்லை, காத்திருக்கிறான். உடனே, அதற்குப் பதில் சொல்வதுபோல, அம்மாவின் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு எழுந்து தண்ணீரின் கறுப்பில் கலைந்தது. முகமூடிக்காரனின் தோள் இறங்கியது.

திரும்ப ஓடவிட்டாள். மறுபடி ஓடவிட்டாள். சொன்னது என்னவென்று தெரியாதபடி மேலே மலிவான வயலின் இசை அலறியது.

"மாமா."

சமையலறையில் பன்றித் தொடையை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தவர் தாளோடு வந்து நின்றார். மார்லா அவருக்காக இன்னொரு தடவை ஓடவிட்டாள். அவர் உட்காரவில்லை. முடியும்வரை பார்த்தார்.

"அன்னிக்கு அம்மா காதுல என்ன சொன்னீங்க?"

"என்னிக்கு?" என்றார்.

கையிலிருந்த தாள் சரசரத்தது. மார்லா எந்த நாள் என்று சொல்லவில்லை.

"மூச்சு விடுடின்னேன்," என்றார் கடைசியில். "கத்தி ரப்பர்னு எனக்குத் தெரியாதா? நான்தானே பிடிச்சிருந்தேன். ஆனா அவ கிடந்த கிடையப் பாத்தேல்ல. குளிர்ல நிஜமாவே போயிட்டாளோன்னு ஆயிடுச்சு. கேமரா ஓடுறது மறந்துபோச்சு எனக்கு."

"அம்மா என்னமோ ஐஸ் கரைஞ்சிருச்சுன்னு..."

"அவன் கத்துனான், டைரக்டர். யாரு கெடுத்ததுன்னு. நான் வாயத் திறக்கறதுக்கு முன்னால, 'ஐஸ் கரைஞ்சிருச்சு சார், என் தப்பு'ன்னுட்டா. இருட்டிருச்சு, திரும்ப எடுக்க முடியல. மறுநாள் ஏரி உறைஞ்சுபோச்சு." தாளை மடித்தார், பிரித்தார். "வீட்டுக்கு வர்ற வழியில சொல்லலாம்னு பாத்தேன். 'நீ சும்மா இரு, உன்னை அழுமூஞ்சின்னு ஊரே சிரிக்கும்'னா. அப்புறம் அவளைச் சிரிச்சாங்க."

மார்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா தன் மூச்சை மறைக்கச் சொல்லவில்லை. துடைத்த படத்தில் அண்ணனின் மூச்சும் வெளியே தெரிந்துவிட்டது. அதை மறைக்கச் சொன்னாள்.

"ரெண்டையும் அழிச்சிடச் சொன்னா மாமா. நானும் சரின்னுட்டேன். இன்னிக்குள்ள பதில் சொல்லணும்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் அம்மா கண்ணைத் திறந்தபடி உறைந்திருந்தாள்.

"அப்ப சொன்னேன், விட்டா," என்றார். "வியாழக்கிழமையும் சொன்னேன்."

தாளை மறுபடி மடித்தார். "இருக்கட்டும் மார்லா. சிரிக்கறவங்க என்னையும் சேத்துச் சிரிக்கட்டும்," என்றார்.

சாகிறவளுக்குக் கொடுத்த வாக்கு. அம்மா இருந்தால் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டாள். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள மார்லா தயாராக இருந்தாள். வாங்க வழியில்லை என்பதுதான் தாங்கவில்லை. 'இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள்' என்று அடித்து அனுப்பினாள். கையோடு கம்ப்யூட்டரை மூடினாள்.

சுற்றிய உணவை வைக்க மாமா பிரீசரைத் திறந்தார். தட்டில் ஐஸ் நிறைந்திருந்தது. வியாழக்கிழமை காலையில், அடுத்த வேளைக்கு வேண்டுமே என்று மார்லா தண்ணீர் ஊற்றி வைத்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து, கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

வெளியே நல்ல குளிர். படியில் நின்று, சாய்கிற வெளிச்சத்தைப் பார்த்தபடி, அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டார். காற்று காற்றாகவே இருந்தது. இன்னும் வேலை செய்கிறது, அந்தச் சினிமாக்காரர்களின் தந்திரம்.

மார்லா சமையலறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் தோள் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. வாய்க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் ஐஸ் நொறுக்கிய அந்தத் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அசையாமல் காத்திருந்தாள்.

அணில் தானியக் கூண்டிலிருந்து இறங்கி வேலியோரமாக ஓடியது.

பிறகு அவர் உதட்டருகே மெலிதாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல, வெள்ளையாக ஒன்று எழுந்தது.